உப்பு கரையும் கணக்கு

இட்லிப் பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தால், மிளகாயின் நிறமும் பெருங்காயத்தின் மணமும் எண்ணெயில் இறங்கிவிடும். பொடியோடு சேர்த்து அரைத்த உப்பு மட்டும் இறங்காது. துகள் துகளாக அப்படியே கிடக்கும். ஒரு மாதம் ஊறினாலும் அதே கதைதான். நாக்கில் வைத்ததும் உப்புக் கரிப்பதற்குக் காரணம், எச்சில் அந்தத் துகள்களைக் கரைத்துவிடுவது. எண்ணெயால் ஒரு மாதத்தில் ஆகாத காரியத்தை எச்சிலில் இருக்கும் தண்ணீர் நொடியில் முடித்துவிடுகிறது.

இதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு விதி சொல்லித் தருவார்கள். முனைவுள்ள பொருளை முனைவுள்ள கரைப்பான் கரைக்கும். முனைவற்றதை முனைவற்றது கரைக்கும். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். பள்ளியை விட்டு வெளியே வந்தால் விதி தடுமாறுகிறது. அசிட்டோனில் சமையல் உப்பு கரையாது, ஆனால் அதன் நெருங்கிய சொந்தமான சோடியம் அயோடைடு நன்றாகவே கரையும். ஏறக்குறைய நல்லெண்ணெய் அளவுக்கே முனைவு காட்டும் ஒரு திரவத்தில் ஒரு லித்தியம் உப்பு தாராளமாகக் கரைகிறது. மறுபக்கம், முனைவில் பேர்போன தண்ணீரே கரைக்க முடியாமல் கைவிட்ட உப்புதான் மதுரை வீடுகளின் கெய்சர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறது.

இவ்வளவுக்கும் பின்னால் ஒரே ஒரு வரவு செலவுக் கணக்குதான் இருக்கிறது. அந்தக் கணக்கு புரிந்தால், சுங்குடிச் சேலையின் சாயமும் கண் சொட்டு மருந்தும் காரைக்குடியில் ஆராயப்படும் பேட்டரியும் ஒரே பாடத்தின் மூன்று பயிற்சிகள் என்பது விளங்கும்.

தண்ணீர் பார்க்கும் இரண்டு வேலைகள்

சமையல் உப்பின் படிகத்தில் தனித்தனி மூலக்கூறுகள் கிடையாது. நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனியும் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனியும் மாறி மாறி, முப்பரிமாணத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவே 0.28 நானோமீட்டர் தூரம். இந்த அடுக்கைக் குலைத்தால்தான் உப்பு கரையும்.

தண்ணீர் மூலக்கூற்றில் ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். மூன்றும் நேர்கோட்டில் நிற்காமல் வளைந்து நிற்பதால், ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமையும் சேர்ந்துவிடுகின்றன. இப்படி இரு முனைகளாகப் பிரிந்து நிற்பதைத்தான் முனைவு என்கிறோம். எண்ணெய் மூலக்கூற்றின் பெரும்பகுதி நீண்ட கார்பன் சங்கிலி. அங்கே இந்தப் பிரிவினை மிகக் குறைவு.

முனைவுள்ள கரைப்பான் உப்பிடம் இரண்டு வேலைகளைப் பார்க்கிறது. முதல் வேலை, அயனிகளுக்கு இடையே இருக்கும் ஈர்ப்பை மட்டுப்படுத்துவது. நடுவில் வந்து நிற்கும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் தங்கள் முனைகளைத் திருப்பி நிறுத்தி, ஒரு சுமை இன்னொன்றுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுகின்றன. இந்த மறைப்பின் அளவைத்தான் மின்கடத்தாப்பொருள் மாறிலி என்ற எண்ணால் சொல்கிறார்கள். வெற்றிடத்துக்கு அது 1. தண்ணீருக்கு 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 78. அதாவது வெற்றிடத்தில் இருக்கும் ஈர்ப்பில் எழுபத்தெட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் மிஞ்சும். மெத்தனாலுக்கு 33, எத்தனாலுக்கு 24, அசிட்டோனுக்கு 21. சமையல் எண்ணெய்களுக்கு 3 பக்கம்.

இந்த எண்ணுக்கு ஒரு நடைமுறைப் பொருள் உண்டு. எதிரெதிர்ச் சுமை கொண்ட இரண்டு அயனிகள் எவ்வளவு தூரம் விலகினால், வெப்பத்தின் ஆட்டமே அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கும்? தண்ணீரில் சுமார் 0.7 நானோமீட்டர் போதும். நடுவில் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்துவிட்டால் கிட்டத்தட்ட அந்தத் தூரம் வந்துவிடும். எத்தனாலில் அது 2.3 நானோமீட்டர். எண்ணெயில் 19 நானோமீட்டர். அவ்வளவு தூரம் விலகும்வரை எண்ணெயில் ஒரு சோடியம் அயனியைக் குளோரைடு இழுத்துக்கொண்டே இருக்கும். இட்லிப் பொடியின் உப்பு அசையாமல் கிடப்பதற்கு இது பாதிக் காரணம்.

மூலக்கூற்றின் அமைப்பிலிருந்து இந்த மாறிலியை எப்படிக் கணக்கிட்டு எடுப்பது என்பது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்பியலாளர்களை நன்றாகப் படுத்திய கேள்வி. 1912இல் பீட்டர் டிபை, மூலக்கூறுகளுக்கு நிலையான இருமுனை உண்டு என்ற கருத்தோடு வழி காட்டினார். அந்த வழியை மேலே கொண்டுசென்றவர்களில் ஒருவர் நம் சீமைக்காரர். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பும் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் மேற்படிப்பும் படித்த கே.எஸ். கிருஷ்ணன்தான் அவர். பிறகு கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்தார். ராமன் விளைவு வெளியான அதே 1928இல், திரவங்களின் ஒளியியல், மின்னியல் பண்புகள் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. ஒரு மூலக்கூற்றைச் சுற்றியிருக்கும் மின்புலம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருக்காது, மூலக்கூறுகளின் வடிவத்தைப் பொறுத்துத் திசைக்குத் திசை மாறும் என்பது அதன் மையமான வாதம்.

பக்கத்தில் யார், எப்படித் திரும்பி நிற்கிறார்கள் என்பது முக்கியம் என்ற அந்த எண்ணம், கரைப்பானின் இரண்டாவது வேலைக்கு நேராகக் கொண்டுபோகிறது. அது பிடிப்பு. சோடியம் அயனியை ஐந்தாறு தண்ணீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் பக்கத்தை உள்ளே காட்டிச் சூழ்ந்துகொள்கின்றன. குளோரைடை ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டிச் சூழ்கின்றன. மறைப்பு, கூட்டமாகச் செய்யும் வேலை. பிடிப்பு, ஒட்டி நிற்கும் சில மூலக்கூறுகள் செய்யும் வேலை. மாறிலி என்ற ஒற்றை எண் முதல் வேலையைத்தான் நன்றாகச் சொல்லும். இரண்டாவது வேலையைப் பற்றி அது அரைகுறையாகத்தான் பேசும். பள்ளிக்கூட விதி தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

787 செலவு, 783 வரவு

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு மோல் உப்பு, அதாவது ஒரு கைப்பிடி அளவான 58 கிராம் உப்பு, தன் அயனிகள் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து பறக்க வேண்டுமானால் 787 கிலோஜூல் ஆற்றலைக் கேட்கிறது. இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் அது. இது செலவு, பெயர் படிகக்கூடு ஆற்றல். பிரிந்த அயனிகளைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்போது 783 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. இது வரவு, பெயர் நீரேற்ற ஆற்றல். கழித்துப் பார்த்தால் 4 கிலோஜூல் துண்டு விழுகிறது.

இவ்வளவு பெரிய கொடுக்கல் வாங்கலில் விழும் துண்டு இத்தனூண்டு. அதைக் கட்டுவதற்கு இன்னொரு கணக்கிலிருந்து பணம் வருகிறது. ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த அயனிகள் தண்ணீர் முழுக்கச் சிதறி அலைய வாய்ப்புக் கிடைப்பதால் என்ட்ரோபி கூடுகிறது. அறை வெப்பநிலையில் அதன் மதிப்பு 13 கிலோஜூல் அளவுக்கு வரும். துண்டை அடைத்துவிட்டு 9 கிலோஜூல் கையில் நிற்கிறது. உப்பு கரைவதற்கு இருக்கும் முதல் முழுவதும் அந்த ஒன்பதுதான். கரையும்போது வெப்பத்தை வாங்குவதும் கொடுப்பதும் ஏறக்குறைய இல்லை என்பதால்தான், தண்ணீரைச் சூடாக்கினாலும் பெரிதாகக் கூடுதல் உப்பு கரைவதில்லை. 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 25 டிகிரியில் 36 கிராம் கரையும். கொதிநிலையிலும் 39 கிராம்தான். அதே சூட்டில் சர்க்கரை எவ்வளவு கூடுதலாகக் கரையும் என்பது பாகு காய்ச்சியவர்களுக்குத் தெரியும்.

இப்போது கரைப்பானை மாற்றுவோம். ஒரு அயனியை வெற்றிடத்திலிருந்து ஒரு திரவத்துக்குள் இறக்கினால் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பதற்கு 1920இல் மாக்ஸ் போர்ன் ஓர் எளிய சூத்திரம் தந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் வேலையை இழந்து, 1935இல் ராமனின் அழைப்பின் பேரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து சில மாதங்கள் பணியாற்றிய அதே போர்ன்தான். அவருடைய சூத்திரம் சொல்வது விசித்திரமாக இருக்கும். தண்ணீருக்குப் பதில் எத்தனால் என்றால் மாறிலி 78இலிருந்து 24க்கு விழுகிறது. மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஆனால் கிடைக்கும் ஆற்றலில் குறைவது மூன்று சதவீதத்துக்கும் கீழேதான்.

மூன்று சதவீதம் என்றதும் அலட்சியப்படுத்தத் தோன்றும். கணக்கு எதன் மேல் என்று பார்க்க வேண்டும். 783இல் மூன்று சதவீதம் இருபது கிலோஜூலுக்கு மேல். கையில் இருந்த முதலோ ஒன்பதுதான். அதனால்தான் 100 கிராம் எத்தனாலில் கரையும் உப்பு 0.065 கிராமாகச் சுருங்கிவிடுகிறது, தண்ணீரில் கரைவதில் ஐந்நூறில் ஒரு பங்கு. இரண்டு பெருந்தொகைகளின் வித்தியாசத்தில் பிழைக்கும் தொழில் எப்போதும் இப்படித்தான். வரவில் சிறிது சறுக்கினால் கடை மூடப்பட்டுவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். கல்லுப்பைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, இனிக் கரையாது என்று அடியில் தங்கும்வரை போட வேண்டும். மேலே தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடி தம்ளரில் எடுத்து, அதன் மேல் மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டை மெல்ல ஊற்ற வேண்டும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும். இரண்டும் சேரும் இடத்தில் பால் திரிந்ததுபோல் ஒரு வெண்மை கிளம்பி, பொடிப் பொடியாக அடியில் இறங்கும். அது ஸ்பிரிட்டிலிருந்து வந்ததல்ல. தண்ணீருக்குள் ஒளிந்திருந்த உப்பு. ஸ்பிரிட் கலந்ததும் தண்ணீரின் வரவு குறைந்து, தாங்க முடியாத உப்பு வெளியே தள்ளப்படுகிறது.

சோடியம் அயோடைடின் புதிரும் இங்கேயே அவிழ்கிறது. அயோடைடு பெரிய அயனி. அதனால் சோடியத்தோடு நெருங்கி உட்கார முடியாது. படிகத்தின் பிடி தளர்வு, செலவு குறைவு. அசிட்டோனிடம் ஆக்சிஜன் இருப்பதால் சோடியத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் குளோரைடு போன்ற சிறிய எதிர்மின் அயனியைப் பிடிக்கத் தண்ணீரிடம் இருப்பதுபோன்ற ஹைட்ரஜன் அதனிடம் இல்லை. எனவே அயோடைடு கரைகிறது, குளோரைடு அடியில் தங்குகிறது. 1910இல் ஹான்ஸ் ஃபிங்கெல்ஷ்டைன் இந்த வேறுபாட்டையே கருவியாக்கி, கரிமச் சேர்மங்களிலிருந்து குளோரினைக் கழற்றி அயோடினை மாட்டும் வினையை விவரித்தார். கழன்ற குளோரின் சமையல் உப்பாக அசிட்டோனில் வீழ்படிவாகிவிடுவதால் வினை பின்னோக்கித் திரும்பாது. வேதியியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள்.

கெய்சர் கம்பியில் படியும் பாறை

அயனியின் சுமை கூடினால் செலவு எப்படி எகிறும் என்பதற்குப் போர் தண்ணீரே சாட்சி. சோடியத்துக்கும் குளோரைடுக்கும் ஆளுக்கு ஒரு சுமை. கால்சியத்துக்கும் கார்பனேட்டுக்கும் ஆளுக்கு இரண்டு. ஈர்ப்பு இரண்டு பெருக்கல் இரண்டு. கால்சியம் கார்பனேட்டின் படிகக்கூடு ஆற்றல் சமையல் உப்பைப்போல் மூன்றரை மடங்கு. தண்ணீரின் மறைப்பும் பிடிப்பும் சேர்ந்தும் அதை ஈடுகட்ட முடியவில்லை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் அது கரைவது சுமார் 14 மில்லிகிராம்.

அப்படியானால் நிலத்தடி நீரில் அவ்வளவு கால்சியம் எப்படி வந்தது? மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு போகிறது. அது கார்பனேட்டை பைகார்பனேட்டாக மாற்றிவிடும். இரட்டைச் சுமை ஒற்றைச் சுமையாகிறது. கணக்கு தண்ணீருக்குச் சாதகமாகத் திரும்புகிறது. கெய்சரில் சூடாக்கும்போது அந்த வாயு வெளியேறி, பைகார்பனேட் மறுபடி கார்பனேட்டாகிறது. தண்ணீர் கையை விரித்துவிட, கால்சியம் கம்பியின் மேல் பாறையாகிறது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றித் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போவதும் இதே கணக்கின் மறுபக்கம்: அமிலம் கார்பனேட்டின் சுமையைக் கழற்றிவிடுகிறது.

இதில் ஒரு பொதுவான செய்தி இருக்கிறது. ஒரு கரைப்பான் எதைக் கரைக்கும் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். கரைத்ததை எப்போது கீழே விடும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். தொழில் தெரிந்தவர்கள் காசாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

சாயத் தொட்டியில் உப்பு எதற்கு?

மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரச் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த கலை அது. துணியில் புள்ளி புள்ளியாக நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

சாயம் ஏறாமல் தடுப்பது முடிச்சு. மற்ற இடங்களில் ஏறச் செய்வது எது? பருத்திக்கு இன்று பரவலாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களை எடுத்துக்கொள்வோம். அவையும் ஒருவகை சோடியம் உப்புகளே. சாய மூலக்கூற்றின் பெரும்பகுதி கார்பன் வளையங்கள். தண்ணீருக்கு ஆகாத உடம்பு. அதில் சல்ஃபோனேட் என்ற எதிர்மின்சுமைக் கைகளைப் பொருத்தித் தண்ணீரில் கரைய வைக்கிறார்கள். வந்தது வம்பு. தண்ணீருக்குள் பருத்தி இழையின் மேலும் லேசான எதிர்மின்சுமை இருக்கும். சாயமும் இழையும் ஒரே சுமை, ஒன்றையொன்று தள்ளும். சாயத்துக்கோ தண்ணீரிலேயே சுகமாக இருக்கிறது. அது ஏன் துணிக்குப் போக வேண்டும்?

சாயப் பட்டறையில் தொட்டிக்குள் உப்பை அள்ளிக் கொட்டுவது இதற்காகத்தான். சோடியம் அயனிகள் பெருகி இழையின் சுமையை மூடிவிடுகின்றன; தண்ணீர் மூலக்கூறுகளில் ஒரு பகுதி புதிதாக வந்த உப்பைக் கவனிக்கப் போய்விடுகிறது; சாயத்தின் மேலிருந்த பிடி தளர்ந்து அது துணியை நோக்கி நகர்கிறது. அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம்வரை உப்பு தேவைப்படுவதுண்டு. கடல்நீரில் இருப்பது லிட்டருக்கு 35 கிராம்தான். கருநீலம் தோய்க்கும் தொட்டி ராமேஸ்வரம் கடலைவிட இரண்டு மடங்கு கரிக்கும். பிறகு சலவைச் சோடாவைச் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினால், சாயம் இழையோடு வேதிப் பிணைப்புப் போட்டுக்கொள்ளும். அதன் பிறகு எத்தனை முறை அலசினாலும் போகாது.

சாயம் துணியில் தங்கிவிட்டது, உப்பு? அதில் ஒரு கிராம்கூடச் செலவாகவில்லை. வேலையை முடித்துவிட்டு அப்படியே கழிவுநீரில் வெளியேறுகிறது. திருப்பூரில் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டுக்கு இந்த உப்பு பெரும் காரணம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது. நிறத்தை நீக்குவதற்குப் பல வழிகள் உண்டு. உப்பை நீக்க, சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி, மிஞ்சியதைக் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்ச வேண்டும். சாயத்தை விடச் சொன்னதும் விட்ட தண்ணீர், உப்பை விட மறுக்கிறது, பிடி அப்படி.

சொட்டு மருந்தின் இரட்டை வேடம்

பிடிப்பதும் விடுவதும் இன்னும் நுட்பமாக நடக்கும் இடம் கண்ணின் கருவிழிப் படலம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நாடே அறியும். அதன் துணை நிறுவனமாக 1992இல் வந்த ஆரோலேப், உள்விழி லென்ஸை மலிவாகத் தயாரித்துப் பெயர் பெற்றது. கண் சொட்டு மருந்துகளும் அங்கே தயாராகின்றன.

சொட்டு மருந்துப் புட்டியின் மேலிருக்கும் பெயரைக் கவனித்துப் பாருங்கள். அட்ரோபின் சல்ஃபேட், டிமோலால் மாலியேட் என்று இரட்டைப் பெயராக இருக்கும். முதல் பெயர் மருந்து. இரண்டாவது, அதை உப்பாக்கிய அமிலம் விட்டுச் சென்றது. இந்த மருந்துகள் வெறுமனே தண்ணீரில் சரியாகக் கரையாதவை. அவற்றிலுள்ள நைட்ரஜனில் அமிலத்தின் புரோட்டான் ஒன்றை ஏற்றிவிட்டால் நேர்மின்சுமை வருகிறது, மருந்து உப்பாகிறது, தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்கிறது. புட்டிக்குள் தெளிந்த கரைசல் தயார்.

கண்ணில் விட்டதும் நிலைமை மாறுகிறது. கருவிழியின் மேல்தோலை ஆக்கியிருக்கும் செல்களின் சவ்வு கொழுப்பாலானது. தன்மையில் எண்ணெய்க்குப் பக்கம். சுமையோடு வரும் அயனிக்கு அங்கே இடம் கிடையாது, நல்லெண்ணெயில் உப்புக்கு இடமில்லாததுபோலவே. உள்ளே போக வேண்டுமானால் மருந்து சுமையைக் கழற்ற வேண்டும். கண்ணீரின் காரத்தன்மையில் டிமோலால் மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு புரோட்டானை உதறிவிட்டுச் சுமையற்றுத் திரியும். அவை கொழுப்பு அடுக்குக்குள் நழுவும். போனவற்றின் இடத்தை நிரப்ப இன்னும் சில சுமையை உதறும். மேல்தோலுக்குக் கீழே இருப்பது நீர் மிகுந்த தடித்த அடுக்கு. அங்கே மறுபடி புரோட்டானை ஏற்றிக்கொண்டு உப்பு வேடத்தில் கடக்கும். அதற்கும் கீழே மெல்லிய செல் அடுக்கு. மறுபடி வேடம் கலையும். அரை மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டுவதற்குள் இத்தனை உடை மாற்றம். விட்ட சொட்டின் பெரும்பகுதி கண்ணீரோடு வழிந்து போய்விடுகிறது. கண்ணுக்குள் சேர்வது சில சதவீதம்தான். கண்ணின் உள்மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்வது அந்தச் சில சதவீதத்தைக் காப்பாற்றத்தான்.

எல்லா மருந்தையும் இப்படிக் கரைத்துவிட முடியாது. அறுவடையின்போது நெற்கதிரோ சோளத்தட்டையோ கண்ணில் கீறிவிட்டால், பூஞ்சை தொற்றிக் கருவிழியில் புண் வருவதுண்டு. விவசாயம் நடக்கும் நம் பக்கத்தில் இது அடிக்கடி பார்க்கும் நோய். அதற்குக் கொடுக்கும் நாட்டமைசின் மூலக்கூற்றில் ஒரு நேர்ச்சுமையும் ஓர் எதிர்ச்சுமையும் இரண்டுமே உண்டு. ஆனால் உடம்பு பெரிய கார்பன் வளையம். படிகத்துக்குள் மூலக்கூறுகள் நெருங்கிப் பிணைந்துவிடுவதால் தண்ணீருக்கு வேலை இல்லாமல் போகிறது. ஆகவே அதை ஐந்து சதவீதத் தொங்கலாக, வெண்கலங்கலாகத்தான் தர முடியும். குலுக்கி விட வேண்டும். அதைவிட எளிதாகக் கருவிழிக்குள் ஊடுருவும் வோரிகோனசோல் வந்தபோது பழைய மருந்துக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று தோன்றியது இயல்பே. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. மேலானது நாட்டமைசின், அதுவும் ஃபுசேரியம் வகைப் பூஞ்சையில் வித்தியாசம் தெளிவாக இருந்தது. நன்றாக ஊடுருவும் மருந்துதான் நல்ல மருந்து என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய முடிவு.

காரைக்குடியில் தண்ணீருக்கு வேலையில்லை

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக 90 கிலோமீட்டர் போனால் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. செக்ரி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். லித்தியம் அயனி பேட்டரிக்கான தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே உருவாக்கி, 2018இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் செய்தது இந்த ஆய்வகம்.

பேட்டரிக்குள் இரு மின்முனைகளுக்கு நடுவே லித்தியம் அயனிகள் போய்வர ஓர் உப்புக் கரைசல் வேண்டும். ஆனால் உப்பைக் கரைப்பதில் மன்னனான தண்ணீரை இங்கே சேர்க்க முடியாது. லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் மூன்று வோல்ட்டுக்கு மேல், தண்ணீரோ 1.23 வோல்ட்டிலேயே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியத் தயாராகிவிடும். தண்ணீர் இல்லாமல் உப்பைக் கரைத்தாக வேண்டும். இந்தக் கட்டுரையின் கணக்கு முழுவதும் இங்கே தேவைப்படுகிறது.

முதலில் செலவைக் குறைக்க வேண்டும். லித்தியத்தோடு குளோரைடையோ புளூரைடையோ சேர்த்தால் படிகம் இறுகிவிடும். எனவே ஆறு புளூரின்கள் ஒரு பாஸ்பரஸைச் சூழ்ந்த, பெரிய உருண்டையான ஹெக்சாபுளூரோபாஸ்பேட் அயனியைத் துணையாக்கினார்கள். சுமை ஒன்றுதான்; அதுவும் உருண்டை முழுக்கப் பரவிக் கிடக்கும். லித்தியத்தால் அதை இறுக்கிப் பிடிக்க முடியாது.

அடுத்து வரவு. எத்திலீன் கார்பனேட் என்ற கரைப்பானின் மாறிலி 90 பக்கம், தண்ணீரையே மிஞ்சும். அதன் ஆக்சிஜன் முனை லித்தியத்தை வாகாகப் பிடிக்கும். நாலு மூலக்கூறுகள் சேர்ந்தால் ஒரு லித்தியம் அயனியைச் சூழ்ந்துவிடும். கிராஃபைட் மின்முனையின் மேல் பாதுகாப்பான மெல்லிய படலத்தையும் இதுவே உண்டாக்கித் தருகிறது. குறை என்னவென்றால், அது 36 டிகிரி செல்சியஸில்தான் உருகும். மதுரை மே மாத வெயிலில் திரவமாக இருக்கும். மார்கழியில் மெழுகாக உறைந்துவிடும். ஆகவே இன்னொரு கரைப்பானைக் கலக்கிறார்கள்: டைமெத்தில் கார்பனேட். தண்ணீர்போல் இளகி ஓடும். மாறிலி மட்டும் 3, நல்லெண்ணெய்க்குச் சமம்.

பள்ளிக்கூட விதிப்படி இந்த இரண்டாவது திரவத்தில் எந்த உப்பும் கரையவே கூடாது. ஆனால் மேலே சொன்ன லித்தியம் உப்பு இதில் தனியாகவே லிட்டருக்கு ஒரு மோல்வரை கரைகிறது. படிகத்தின் செலவு குறைவு, லித்தியத்தைப் பிடிக்க ஆக்சிஜன் தயார். இரண்டும் சேர்ந்து கணக்கை நேர் செய்துவிடுகின்றன. மறைப்பு இல்லாத குறை வேறொரு வடிவில் வெளிப்படும். கரைந்த அயனிகள் ஜோடி ஜோடியாகவும் கொத்துக் கொத்தாகவும் ஒட்டிக்கொண்டு திரியும். கரைவது ஒன்று, பிரிவது இன்னொன்று. எத்திலீன் கார்பனேட் வந்து அந்த ஜோடிகளைப் பிரிக்கிறது. டைமெத்தில் கார்பனேட் கரைசலை இளக்கி ஓட விடுகிறது. உங்கள் கைப்பேசிக்குள் இருப்பது பெரும்பாலும் இப்படி ஒரு கூட்டணிதான்.

கடைசியில் மறுபடி விடும் வேலை வருகிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனி கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். தன்னைச் சூழ்ந்த கரைப்பான் மூலக்கூறுகளை வாசலில் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுத்தான் போக முடியும். கரைப்பானின் பிடி இறுக்கமாக இருந்தால் இந்தக் கழற்றல் தாமதமாகும். குளிரிலும் வேகமாக சார்ஜ் ஏற்றும்போதும் பேட்டரி திணறுவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. அதனால் இன்றைய தேடல் உச்ச முனைவுள்ள கரைப்பானுக்காக அல்ல; உப்பைக் கரைக்கும் அளவுக்குப் பிடித்து, வாசலில் தகராறு செய்யாமல் விடும் கரைப்பானுக்காக.

லித்தியத்தை இறக்குமதி செய்யும் நம் நாட்டில், அதற்குப் பதில் சோடியத்தை வைத்துப் பேட்டரி செய்யும் முயற்சிகள் சூடு பிடித்திருக்கின்றன. சோடியம் அயனி லித்தியத்தைவிடப் பெரியது. கரைப்பானின் பிடி அதன்மேல் குறைவாகவே விழும். வாசலில் கழற்றுவது எளிது, அது லாபம். ஆனால் பாதுகாப்புப் படலமாகப் படியும் சோடியம் உப்புகள் லித்தியம் உப்புகளைவிடச் சுலபமாகக் கரைந்து போய்விடுகின்றன, அது நஷ்டம். தூத்துக்குடி உப்பளத்தில் மலிவாகக் குவிந்து கிடக்கும் தனிமம் பேட்டரிக்குள் எந்த அளவுக்குச் சோறு போடும் என்பதை, கடைசியில் இந்த வரவு செலவுதான் தீர்மானிக்கும்.